மூன்று இருபது

அத்தியாயம் பதினேழு

நாசிக்கின் முழங்கால் துள்ளியது.

மேரிம் ரப்பர் சுத்தியலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நேற்று மாலையிலிருந்து இது பதினான்காவது தட்டு. மணிக்கு ஒரு தட்டு. துள்ளுகிறவரை பயமில்லை.

"அண்ணி, என் முழங்கால் என்ன கதவா? வந்து வந்து தட்டுறீங்க."

"உள்ள ஆள் இருக்கான்னு பாக்குறேன்."

"ரெண்டு பேர் இருக்கோம்" என்று நாசிக் தன் ஏழு மாத வயிற்றில் கை வைத்தாள்.

வலிப்பு வந்த பிறகு அவள் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. மேரிமுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. தலையைத் திருப்பி மேலே தொங்கிய பாட்டிலைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

நாசிக் மேரிமின் கணவனுக்கு ஒரே தங்கை. போன மாதம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டிலிருந்து வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் கால் வீங்குவதை முதலில் பார்த்தவள் மேரிம்தான். "ஆஸ்பத்திரிக்கு வா" என்று மூன்று நாள் கெஞ்சினாள். "எனக்கும்தான் ரெண்டு பிள்ளைக்கும் வீங்குச்சு. ஆஸ்பத்திரியில வேலை பாத்தா வீட்டுல இருக்கிறவங்கல்லாம் நோயாளியாத் தெரிவாங்க போல" என்றாள் மாமியார் சபீரா. நேற்று மாலை, மாவு பிசைந்த கையோடு நாசிக் அடுப்படியில் விழுந்தாள்; கைகால் வெட்டி இழுத்தது. மாமனார்தான் பழைய காரைப் பனியில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கும் மேரிமின் கணவன் துராத்துக்குப் போன் போகவில்லை.

இரண்டாவது வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஏறிக்கொண்டிருந்தது. அது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. குறைந்தால் வலிப்பு திரும்பும். கூடினால் உடம்பு ஒவ்வோர் இடமாகத் தூங்கும். முதலில் முழங்கால். பிறகு மூச்சு.

சொட்டை எண்ணி விடும் இயந்திரம் ஒன்று அந்த மருத்துவமனையில் உண்டு. அதன் பாட்டரி இலையுதிர் காலத்திலேயே செத்துவிட்டது. ஆகவே கண்ணும் கைக்கடிகாரமும்தான். மணிக்கு அறுபது மில்லி என்று டாக்டர் இஷென்பெக் எழுதியிருந்தார். அந்தக் குழாயில் ஒரு மில்லி என்பது இருபது சொட்டு. அறுபதை இருபதால் பெருக்கி, ஒரு மணியில் உள்ள அறுபது நிமிடத்தால் வகுக்க வேண்டும். மேலே ஓர் அறுபது, கீழே ஓர் அறுபது. இரண்டையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது இருபது. நிமிடத்துக்கு இருபது சொட்டு. கால் நிமிடத்துக்கு ஐந்து.

சுலபமான கணக்கு. மேரிமுக்கு அதைச் சொல்வதில்தான் சங்கடம்.

அந்த ஊரில் எந்த வீட்டு மருமகளும் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. அந்தச் சொல் வேறு எந்தப் பொருளில் வந்தாலும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் மாமனார் பெயர் இரும்பு. அந்த மருமகள் இரும்பைக் 'கெட்டி' என்பாள். மேரிமின் மாமனார் பிறந்தபோது அவருடைய தகப்பனுக்கு வயது அறுபது. அந்தப் பூரிப்பில் அவர்கள் மொழியில் அறுபது என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அல்திமிஷ்.

ஆறு வருடமாக அவள் அந்த எண்ணைச் சொன்னதில்லை. மூன்று இருபது என்பாள். கடையில், கணக்கில், நோயாளியின் நாடித் துடிப்பில், எல்லாவற்றிலும் மூன்று இருபதுதான். வரவர மனசுக்குள் எண்ணும்போதும் ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு அதுதான் வந்தது.

வார்டில் இது ஊரறிந்த வேடிக்கை. எட்டு மணிக்கு வேலைக்கு வந்த ஜெய்னெப் வாசலிலேயே ஆரம்பித்தாள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாய்க்கு முப்பது வருட அனுபவம்.

"அக்கா, அடுத்த வருஷம் உங்க மாமியாருக்கு வயசு என்ன ஆகும்?"

"வேலையப் பாருடீ."

"விருந்துல எப்படி வாழ்த்துவீங்க? 'அத்தை, உங்களுக்கு இருபது, இன்னொரு இருபது, இன்னும் ஒரே ஒரு இருபது...'"

நாசிக் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, உள்ள உதைக்குறான்."

வராந்தாவில் மாமனாரும் மாமியாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சபீரா விடியும் முன்பே வீட்டில் எண்ணெய் காய்ச்சி மாவுருண்டை பொரித்திருந்தாள். அந்தப் போர்சோக் பொரியும் வாசனை போய்ச் சேர்ந்த முன்னோர்களை எட்டினால் அவர்கள் பிள்ளையைக் காப்பார்கள். சூடு ஆறாமல் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சாப்பிடு" என்று மேரிமின் கையில் இரண்டைத் திணித்தாள். பிறகு, தரையைப் பார்த்தபடி, "மூணு நாள் முன்னாடியே நீ சொன்ன" என்றாள்.

மேரிம் ஒன்றைக் கடித்தாள். மாமியார் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

அல்திமிஷ் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இவதான் என் மருமக. நர்ஸு. படிச்ச பொண்ணு. ஆனா ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட என் பேர் இவ வாயில வந்ததில்ல. இந்தக் காலத்துல எங்க பாப்பீங்க?"

பெஞ்சுக்காரர் மேரிமை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருக்கு வேறு எதில் பெருமை இருந்தது? மகன் தூர தேசத்தில். மகள் வாழாமல் வந்துவிட்டாள். ஊரில் தலை நிமிர்ந்து சொல்ல அந்த ஒன்றுதான். மேரிமுக்கு அது தெரியும்.

பத்தரை மணிக்கு, கணவாய் வளைவில் லாரி கவிழ்ந்து வயிறு கிழிந்த ஓட்டுநர் ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.

கத்தி பிடிக்கத் தெரிந்தவர் இஷென்பெக் ஒருவர்தான். கத்தி எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவள் மேரிம் ஒருத்திதான். "வா, ஓடு" என்றார் டாக்டர். அவள் கோட்டைக் கழற்றி அறுவை அறைக் கதவின் உள்பக்க ஆணியில் மாட்டினாள். கையை முழங்கைவரை தேய்த்தாள். முகமூடி கட்டினாள். அப்போதுதான் நினைவு வந்தது. நாசிக்கின் பாட்டில் முடிகிற நேரம்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கழுவின கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். வராந்தாவின் அந்தக் கோடியில் ஜெய்னெப்.

"ஜெய்னெப்! நாசிக்குக்கு அடுத்த பாட்டில் போடு! அதே மருந்து, கலந்து வச்சிருக்கேன்!"

"எவ்வளவு அக்கா?"

"மணிக்கு மூணு இருபது! இருபது சொட்டு!"

ஓட்டுநரின் தள்ளுவண்டி இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது. அதன் இரும்புச் சக்கரம் ஒன்று எப்போதும்போல் கிறீச்சிட்டது.

"சரி அக்கா!" என்றாள் ஜெய்னெப்.

கதவு மூடியது.

பிறகு இரண்டு மணி நாற்பது நிமிடம் மேரிமுக்கு வெளி உலகம் இல்லை. ஓட்டுநர் பிழைத்தான்.

ஒன்று இருபதுக்கு முகமூடியை அவிழ்த்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சபீரா உதட்டில் விரலை வைத்தாள். முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத நிம்மதி.

"மெதுவா. நல்லாத் தூங்குறா. இப்பத்தான் உடம்பு இளகியிருக்கு, பாவம்."

மேரிம் உள்ளே போனாள்.

முதலில் கண்ணில் பட்டது பாட்டில். ஐந்நூறு மில்லி. இன்னும் முந்நூற்று நாற்பது இருக்க வேண்டும். அடியில் ஒரு விரல் உயரம் இருந்தது.

சொட்டறையைப் பார்த்தாள். ஒன்று விழுவதற்கும் அடுத்தது விழுவதற்கும் இடைவெளி இல்லாததுபோல் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். கால் நிமிடம். ஐந்து அல்ல. பதினைந்து.

குழாயின் சின்னச் சக்கரத்தை இறுக்கி மூடினாள்.

"நாசிக்."

இமை பாதி திறந்தது. மேலே வரவில்லை. உதடு எதையோ சொல்லப் பார்த்து நழுவியது.

சுத்தியல் கையில் இல்லை. கோட்டுப் பையில் இருந்தது, கோட்டு ஆணியில் இருந்தது. உள்ளங்கையின் ஓரத்தால் முழங்காலைத் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். அந்தக் கதவுக்குள்ளிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு ஏழு.

"டாக்டர்!" அவள் போட்ட சத்தத்தில் வராந்தா முழுவதும் எழுந்து நின்றது. "கால்சியம்! ஜெய்னெப், கால்சியம் எடு!"

இஷென்பெக் ரத்தம் காயாத அங்கியோடு ஓடி வந்தார். மேரிம் மூச்சுப் பையை நாசிக்கின் முகத்தில் பொருத்தி அழுத்தினாள். கால்சியத்தை நரம்பில் அவசரமாகத் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். பத்து மில்லி, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் டாக்டரின் கட்டைவிரல் நகர்வதே தெரியவில்லை. மேரிம் பையை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள்.

வாசலில் சபீரா நின்றாள். "தூங்குறான்னு நினைச்சேன்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் போர்வையை இழுத்து மூடிவிட்டேன். தூங்குறான்னு நினைச்சேன்."

மூச்சு ஏழிலிருந்து ஒன்பதானது. பிறகு பன்னிரண்டு.

டாக்டர் மரக் குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எவ்வளவு?" என்றாள் மேரிம்.

"தொண்ணூறு."

பிள்ளையின் இதயத் துடிப்பு நூற்றுநாற்பது இருக்க வேண்டியது.

"இங்க வச்சு வயித்தைத் திறந்து பிள்ளையை எடுத்தா, அதை வச்சுக் காப்பாத்த எங்கிட்ட ஒண்ணுமில்ல. நரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். கணவாய் திறந்திருக்கு."

இரண்டரை மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. மயக்க மருந்து டாக்டர் கூடப் போனார். உறவுக்காரருக்கு ஓர் இடம்தான். சபீரா ஏறினாள். கையில் இன்னும் அந்தத் துணி மூட்டை இருந்தது. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. என்ன சேதியா இருந்தாலும் பண்ணு" என்றார் அல்திமிஷ். பனியில் சக்கரத் தடம் மட்டும் மிஞ்சிய பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மேரிம் உள்ளே போய்க் காலிப் படுக்கையின் விரிப்பை உருவினாள்.

ஐந்து மணிக்கு இஷென்பெக் மேரிமையும் ஜெய்னெப்பையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வெள்ளைத் தாள். மாகாண அலுவலகத்துக்கு இன்றே விளக்கம் போக வேண்டும். அல்திமிஷ் கூப்பிடாமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிய இருங்க பெரியவரே."

"என் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு நானும் கேக்கணும்."

டாக்டர் விட்டுவிட்டார். ஜெய்னெப் சுவரோரம் நின்றாள். அழுது அழுது அவள் முகம் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"எத்தனை சொட்டு வச்ச?"

"மூ... மூணு இருபது சொட்டு டாக்டர். அக்கா அப்படித்தான் சொன்னாங்க."

"உத்தரவுத் தாளைப் பாக்கலையா?"

"அது அக்கா கோட்டுல இருந்துச்சு. சுத்தியலும். அறுவை அறைக் கதவைத் தட்டினேன், உள்ள விடல. பதினொன்றரைக்கு முழங்காலைக் கையால தட்டிப் பாத்தேன், துள்ளுச்சு. அப்புறம் பிரசவ கேஸு ஒண்ணு வந்துடுச்சு. நான் ஒருத்திதான் இருந்தேன்."

"மேரிம், நீ என்ன சொன்ன?"

"இருபது சொட்டுன்னு சொன்னேன்."

அது உண்மை.

அல்திமிஷ் நாற்காலியின் கையைத் தட்டினார். "கேட்டீங்களா? எழுதிக்கோங்க டாக்டர். என் மருமக பொய் சொல்ல மாட்டா. இந்தப் பொண்ணு செவிட்டுக் காதை வச்சுக்கிட்டு என் பிள்ளையக் கொல்லப் பாத்திருக்கா. இவளைச் சும்மா விட்டா நான் விட மாட்டேன்."

டாக்டரின் பேனா தாளில் இறங்கியது. அவள் பேசாமல் நின்றால் போதும். சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லவும் வேண்டியதில்லை.

ஜெய்னெப் அவளைப் பார்த்தாள். சண்டை போடுகிற பார்வை இல்லை.

"இருபதுன்னா சொன்னீங்க அக்கா? அப்ப என் காதுலதான்..." அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு மூணு இருபதுன்னு கேட்டுச்சே."

"அவ காதுல தப்பில்ல டாக்டர்."

பேனா நின்றது.

"இருபது சொட்டுக்கு முன்னாடி இன்னொரு எண் சொன்னேன். மணிக்கு எத்தனை மில்லின்னு. ரெண்டும் ஒட்டிக்கிச்சு." மேரிம் கதவிலிருந்து கத்தியதுபோலவே, வேகமாக, ஒரு முறை சொன்னாள். "மூணு இருபது இருபது சொட்டு."

அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. எப்படிக் கேட்டது என்பதும் தெரிந்தது.

"எண்ணை எண்ணாச் சொல்லியிருந்தா இவளுக்குத் தப்பாக் கேட்டிருக்க வழியே இல்ல."

"மூணு இருபதுன்னா ஊருக்கே தெரியுமே, அம்மா" என்றார் அல்திமிஷ். குரலில் இன்னும் கோபம் வரவில்லை. புரியாமைதான் இருந்தது.

"தெரியும் மாமா. அதனாலதான் இப்படி ஆச்சு. அவளுக்கு அது நல்லாத் தெரிஞ்ச எண். கேட்டதும் வச்சுட்டா."

டாக்டர் இழுப்பறையைத் திறந்து உத்தரவுத் தாளை எடுத்தார். அவளுடைய கோட்டுப் பையில் நான்காக மடிந்து கிடந்த தாள். அதைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தில் இரக்கமும் இல்லை, கடுமையும் இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மனிதனின் களைப்பு மட்டும்.

"நான் எழுதினதை அப்படியே வாசி. என்ன சொல்லியிருக்கணுமோ அது இதுல பதியணும்."

மேரிம் தாளைக் கையில் எடுத்தாள். மாமனார் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி முழங்காலில் இருந்தது.

"மெக்னீசியம். நரம்பு வழியா. மணிக்கு..."

நாக்கு தானாக 'மூணு'க்குப் போனது. ஆறு வருடம் போய்ப் பழகிய பாதை. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நாக்கு வாய்க்குள் கிடந்தது.

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. அவள் அறியாமலே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அல்திமிஷ்" என்றாள். "மணிக்கு அல்திமிஷ் மில்லி. நிமிஷத்துக்கு இருபது சொட்டு."

யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அவர் தலையைத் தூக்கினார்.

அதே நேரம் அவருடைய கோட்டுப் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. நரினிலிருந்து சபீரா. அவள் மட்டும்தான் அந்த நேரத்தில் கூப்பிட முடியும்.

அவருடைய கை பையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. தொப்பி முழங்காலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அவர் குனியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.